முறுக்கி இழுத்தல்

ஜப்பானில் இஷிகாவா மாவட்டத்தில், நோமி என்ற ஊரின் குன்றுமேல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஜெய்ஸ்ட் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 1990-ல் ஏற்பட்டது, மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே ஆனது. என் மகன் அங்கே ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, 2011 ஜனவரியில் போய் ஒன்றரை மாதம் தங்கினேன். அந்தப் பக்கத்தில் பனி பெய்யும்போது இடியும் இடிக்கிறது. வெளியே போக முடியாத நாட்களில் அவன் மேஜைமேல் கிடந்ததை வாசித்தேன். தொழில்நுட்ப நிர்வாகம். இதைவிட எனக்கு அந்நியமான விஷயம் இருக்க முடியாது.

அவன் துறையின் பெயர் அறிவு விஞ்ஞானம். அதன் முதல் தலைவர் இகுஜிரோ நோனகா. (2025 ஜனவரியில் காலமானார்.) நான் போவதற்குப் பல வருஷங்கள் முன்பே அங்கிருந்து விலகிவிட்டார். ஆனாலும் எடுத்த காகிதத்திலெல்லாம் அவர் பெயர்தான். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வருவதில்லை என்பதை மைக்கேல் பொலானி 1966-லேயே எழுதிவிட்டார். நோனகாவின் பிடிவாதம் வேறு: அதைச் சொல்லாக்க முடியும், ஆக்கினால்தான் கம்பெனி பிழைக்கும்.

அவர் காட்டும் உதாரணம் ரொட்டி. எண்பதுகளில் மட்சுஷிடா கம்பெனி வீட்டில் ரொட்டி செய்கிற யந்திரம் ஒன்றைச் செய்யப் பார்த்தது. மேல்தோல் கருகியது, உள்ளே வேகவில்லை. மாவை எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர், ஒஸாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் தொழில் கற்கப் போனார். பக்கத்தில் நின்று பிசைந்தார். ஒருநாள் தெரிந்தது, அவர் மாவை இழுக்கவில்லை, முறுக்கி இழுக்கிறார். 'முறுக்கி இழுத்தல்.' இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு யந்திரத்தின் உட்சுவரில் விலா எலும்பு மாதிரி மேடுகள் வைத்தார்கள். 1987-ல் கடைக்கு வந்தது.

சொல்ல முடியாதது சொல்லாக மாறும் இடத்தில் நோனகா எதை வைக்கிறார் என்று பார்த்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. உருவகத்தை வைக்கிறார். நாம் நம் சொத்து என்று நினைத்துக்கொண்டிருப்பதை.

அவர் சொல்வதை முழுக்க ஏற்கிறேன் என்றில்லை. நான்கு கட்டம் போட்டு, அறிவு அதில் சுற்றிச்சுற்றி வருவதாகப் படம் வரைகிறார். படம் அதீதச் சுத்தம். யந்திரம் நாளைக்கும் அதே ரொட்டியைத்தான் செய்யும், ரொட்டிக்காரர் அப்படியில்லை. இந்த வித்தியாசம் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று மகனைக் கேட்டேன். "அப்பா, அது வேற பேப்பர்" என்றான்.

இருந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. 1984 வாக்கில் ஒரு நண்பர் என்னிடம் கவிதை நோட்டு கொண்டுவருவார். நான் வாசித்துவிட்டு "வரலை" என்பேன். மூன்று வருஷம் இதே சொல். "எங்கே சார் வரலை?" என்று ஒரு தடவை கேட்டார். "அதைச் சொல்ல முடியாது, உங்களுக்கே தெரியணும்" என்றேன். அப்போது அது எனக்கு ஆழமாகப் பட்டது. அவர் வருவது நின்றது. எழுதுவதும். பொலானியின் 'சொல்ல முடியாது' அல்ல என்னுடையது. நான் அவருடைய ஒரு வரியின் பக்கத்திலும் நின்றதில்லை. எனக்குச் சோம்பல், அதோடு நாற்காலி.

அந்த நோட்டில் ஒரு கிணற்றுக் கவிதை. ஞாபகத்திலிருந்து அதை மகனின் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நான்காம் நாள் பிடிபட்டது. இரண்டாம் வரியில் வினைச்சொல் முந்திக்கொள்கிறது, வாளி தண்ணீரைத் தொடுமுன்பே. அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் விசாரித்துப் போனேன். பெயின்ட் கடை வைத்திருக்கிறார். சொன்னேன்.

"எந்தக் கிணறு சார்?" என்றார். பையனை அனுப்பி டீ வரவழைத்தார்.