புகைக்கு ஒரு வழி

தீர்த்தமலையில் குடியிருந்துகொண்டு குளிர்காயும் அடுப்பைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். சித்திரை வந்துவிட்டால் பாறைகள் பகலெல்லாம் காய்ந்து, இரவிலும் அனலை உமிழும் ஊர் எங்களுடையது. மார்கழி விடியலில் ஒரு போர்வையும், வாசலில் சுள்ளி பொறுக்கி மூட்டிய சிறு தீயும் எங்கள் ஊர்க் குளிருக்குப் போதும். ஆயினும் சென்ற மாதம் எங்கள் மகள் கைபேசியில் கேட்ட ஒரு கேள்வி, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஓர் இரவை எங்கள் கண்முன் நிறுத்திவிட்டது. கோத்தகிரியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் அவள், "கூடத்தில் கணப்பு வைக்கலாம் என்றிருக்கிறோம் அப்பா. எந்த வகை நல்லது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே, மலையூர்களில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

1986ஆம் ஆண்டு பணிமாற்றலாகி உதகமண்டலம் சென்றோம். ஏறத்தாழ 7,350 அடி உயரத்திலுள்ள ஊர் அது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே விடியற்காலையில் புல்வெளியெங்கும் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். நாங்கள் வாடகைக்கு எடுத்தது புதிதாகக் கட்டிய சிறு வீடு. கான்கிரீட் தளம், கண்ணாடிச் சன்னல்கள், இறுக மூடும் கதவுகள். கணப்பு கிடையாது.

அந்த மார்கழியில் எங்களோடு தங்க வந்த அம்மா, ஊரிலிருந்து தம் பழைய கும்மட்டியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் கரிநெருப்பு வைத்துச் சாம்பிராணி போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். "ஐந்து பிள்ளைகளையும் இந்தக் கும்மட்டிச் சூட்டில்தானே வளர்த்தேன்" என்றார். நாங்களும் மறுக்கவில்லை. கரி நன்றாகச் சிவந்து, புகையெல்லாம் அடங்கிய பின்பே அதைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்தோம். சன்னல் இடுக்குகளில் துணியையும் செய்தித்தாளையும் திணித்தோம். ஐந்து பேரும் ஒரே அறையில் நிம்மதியாக உறங்கினோம்.

நள்ளிரவு கடந்தபின் ஆறு வயதான எங்கள் மகள் தலை வலிக்கிறதென்று அழுது வாந்தி எடுத்தாள். எழுந்து விளக்கைப் போட முயன்றபோது கால்கள் தரிக்கவில்லை. அம்மாவை அழைத்தோம்; பதில் இல்லை. தவழ்ந்து சென்று கதவைத் திறந்தோம். எந்தக் குளிர்காற்றை உள்ளே விடக்கூடாதென்று துணி வைத்து அடைத்தோமோ, அந்தக் காற்றே எங்களைக் காப்பாற்றிற்று. மருத்துவமனையில் பிராணவாயு செலுத்தியபின், விடியும் வேளையில் அம்மா கண் திறந்தார். "இன்னும் சிறிது நேரம் சென்றிருந்தால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டீர்கள்" என்றார் மருத்துவர்.

காரணத்தையும் அவரே விளக்கினார். கரி எரிகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் திணறிப் போகிறது. புகை அடங்கிவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டதென்று எண்ணியது எங்கள் அறியாமை.

அப்படியானால் தீர்த்தமலையில் அதே கும்மட்டி ஏன் எவரையும் ஒன்றும் செய்யவில்லை? எங்கள் பழைய வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. ஓடுகளுக்கிடையே ஆயிரம் சந்துகள். கேளாமலே காற்று வந்தது. சொல்லாமலே வாயு வெளியேறியது. நீலகிரியின் தோடர்கள் முன்பு குனிந்து நுழையும் சிறு வாயில் வைத்த குடிசைக்குள்ளேயே அடுப்பு மூட்டி வந்தார்கள். அதன் புகையும் புல்வேய்ந்த கூரையின் வழியே கசிந்து போயிற்று. நாங்கள் கும்மட்டியை மட்டும் மலைக்குக் கொண்டு சென்றோம். அதற்குத் துணையாயிருந்த கூரையைக் கொண்டு செல்லவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து அங்கேயே சிறு வீடொன்று கட்டியபோது, முறையான கணப்பு வைப்பதென்று உறுதி செய்தோம். 1820களில் ஜான் சல்லிவன் உதகையில் குடியேற்றம் தொடங்கிய பின் அங்கெழுந்த பங்களாக்களைப் போல, பெரிய வாயும் அழகிய கல்முகப்பும் வேண்டுமென்று ஆசைப்பட்டோம். கொத்தனாரும் கேட்டபடியே கட்டித் தந்தார். முதல்நாள் விறகை மூட்டியதும் புகை முழுவதும் கூடத்துக்குள் திரும்பிற்று!

பழைய பங்களாக்களைப் பழுது பார்த்துப் பழகிய முதிய கொத்தனார் ஒருவர் வந்து, நெருப்பைப் பாராமல் கூரையைத்தான் முதலில் பார்த்தார். "வாய் பெரிது, தொண்டை சிறிது, புகை எங்கே போகும்?" என்றார். புகைக்குழாயின் பரப்பு, கணப்பின் வாய்ப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. 30 அங்குல அகலமும் 30 அங்குல உயரமுமான வாய்க்கு, 9 அங்குலத்துக்கு 10 அங்குலக் குழாய். புகைபோக்கி, கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயரவேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயர்ந்து நிற்கவேண்டும். இன்றேல் கூரை முகட்டில் மோதும் காற்று புகையைக் கீழே தள்ளிவிடும்.

அவர் வாயைக் குறுக்கி, ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டினார். 1796இல் இலண்டனில் ரம்ஃபோர்டு பிரபு எழுதி வெளியிட்ட முறை இதுவே என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். ஆழம் குறைந்து சுவர் சாய்ந்திருந்தால் வெப்பம் அறையை நோக்கித் திரும்பும். தொண்டை குறுகியிருந்தால் புகை விரைந்து மேலேறும். எழுத்தறியாத அந்தப் பெரியவர் கைப்பழக்கத்தாலேயே அதைக் கற்றிருந்தார்.

மகளுக்கு இவற்றையெல்லாம் கூறியபின் மேலும் சில சொன்னோம். திறந்த கணப்பு கண்ணுக்கு இனியது. ஆனால் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கோ சற்று மிகுதியோதான் அறைக்குக் கிடைக்கும், எஞ்சியது வானத்துக்குப் போகும். கதவுள்ள இரும்புக் கணப்பு அதே விறகில் பாதிக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தரும். ஆதலால் அதுவே சிக்கனம். புகைபோக்கி வெளிச்சுவரில் அமைவதைவிட வீட்டின் உட்பகுதியில் அமைந்தால் சூடு ஆறாமல் புகையை நன்கு இழுக்கும். சீகை மரமோ கற்பூர மரமோ, பிளந்து அடுக்கி ஓராண்டு உலர்ந்த பின்பே எரிக்கவேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். அது சூட்டைத் தராமல் குழாயில் தாரைப் படியவைக்கும், படிந்த தார் ஒருநாள் தீப்பற்றும். ஆண்டுக்கொருமுறை குழாயைத் துடைக்கவேண்டும். அறைக்குள் காற்று வர ஒரு துளையேனும் திறந்திருக்கவேண்டும். கங்கு கனன்றுகொண்டிருக்கையில் குழாயின் மூடியை அடைத்துவிட்டு உறங்கச் செல்லலாகாது. நச்சுவாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவி இப்போது கிடைக்கிறது. அதையும் வாங்கி மாட்டச் சொன்னோம்.

எங்கள் கணப்பு சரியான அன்று மாலை, செபம் முடிந்ததும் அம்மா அதன்முன் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அந்த இரவுக்குப் பின் நெருப்பென்றாலே அஞ்சியவர் அவர். புகை மேலேறிப் போவதை உற்றுப் பார்த்துவிட்டு, "வருகிற விருந்தாளிக்குத் திண்ணை கட்டினால் போதுமா? போகிறவனுக்கும் வாசல் வைக்கவேண்டும்" என்றார். அம்மா இன்று இல்லை. பணி ஓய்வு பெற்று நாங்கள் ஊர் திரும்பியபோது அந்தக் கும்மட்டியும் எங்களோடு வந்துவிட்டது. தீர்த்தமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது.

நேற்று மகள் மீண்டும் பேசினாள். கணப்பின் முகப்புக்கு எந்தக் கல் பதிப்பதென்று இன்னும் முடிவாகவில்லையாம். புகைபோக்கி மட்டும் கூரைக்கு மேலே எழுந்துவிட்டதாம். எங்களுக்கு அன்றிரவு நல்ல உறக்கம் வந்தது.