விளக்குப் புகையில் தெரிந்த இடைவெளி

தமிழக எல்லையிலுள்ள ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் கன்மேன் (துப்பாக்கி ஏந்திய காவலர்) வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் உள்ளவர்களுக்கு அந்த வேலை சுலபமாகக் கிடைக்கும். பெங்களூரில் பழைய இங்கிலீஷ் டபுள் பேரல் ஒன்று மலிவாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, எல்லை தாண்டி என்னையும் அழைத்துப் போனார்.

இத்தகைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பெரும்பாலும் வேட்டைக்காக வாங்கப்பட்டவை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தத் தேவை போனது. 2019-ல் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது. அதிகமாக வைத்திருந்தவர்களும் லைசென்ஸ் இல்லாத வாரிசுகளும் அவற்றைத் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி லட்சக்கணக்கில் விலை போகும் நாட்டில், நல்ல இரட்டைக்குழல்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

நாங்கள் போன கடையின் பின்கட்டில் பட்டறை. ரிப்பேர் பார்க்கும் பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். துப்பாக்கியைக் கழற்றி, குழல்களை மட்டும் விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினார். கணீரென்றது. "குழலைச் சேர்த்த ஈயப்பற்று விடலை," என்றார். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். துருக்குழி இல்லை.

"அப்ப எடுத்துக்கலாமா பாய்?"

"இருங்க அண்ணே."

மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் குழல்களின் பின்முகத்தைக் காட்டிக் கருக்கவைத்தார். துப்பாக்கியைப் பூட்டித் திறந்தார். இறுகப் பொருந்தியிருந்தால் எதிர்முகம் முழுக்கக் கரி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியது கீழ் ஓரத்தில் மட்டும். கீல் தேய்ந்து, மேலே மயிரிழை இடைவெளி. அதை அடைக்க உலோகம் சேர்த்து, மறுபடி புகை காட்டி, கரி பட்ட மேட்டை மட்டும் அரத்தால் தடவித் தடவிக் குறைக்க வேண்டும். கைதான் அளவுகோல்.

உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் உடைந்திருந்தது. நூறாண்டுப் பழசுக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? எஃகுத் துண்டை அராவி, வளைத்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, ஒட்டிய எண்ணெய் எரிந்து தீரும்வரை மீண்டும் சூடேற்றிப் பதம் பார்ப்பார்களாம். பதம் தவறினால் ஒரே சொடுக்கில் முறியும். இந்த வேலைக்கு மாதச் சம்பளத்தில் ஆள் வருவதில்லை என்றார் பாய்.

பர்மிங்காம், லண்டன் என்ற பெயர்களுக்குத் தரப்படும் மதிப்பு இந்தக் கைகளுக்குத் தரப்படாதது அநியாயம். 1760களில் வங்காள நவாப் மீர் காசிம் பீகாரின் முங்கேரில் ஆயுதப் பட்டறைகள் வைத்த நாளிலிருந்து நம்மிடம் இருக்கும் கைத்தொழில் இது.

குழலின் அடியிலிருந்த முத்திரைகளை பாய் பூதக்கண்ணாடியில் காட்டினார். 1813-ல் தொடங்கிய பர்மிங்காம் சோதனை நிலையத்தின் முத்திரை இருந்தது. புகையில்லா மருந்துக்குத் தேறியதற்கான நைட்ரோ முத்திரையும் இருந்தது. பக்கத்தில் இன்னொரு துப்பாக்கி இன்னும் மலிவு: இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல், அலையலையாய்க் கோலம். அழகில் அதுதான் மேல். கருமருந்துக் காலத்துச் சரக்கு என்பதால் பாய் அதைத் தொடவே விடவில்லை.

"இதுல அறுபத்தஞ்சு மில்லிமீட்டர் தோட்டாதான் போடணும். எழுபது போட்டா வாய் விரிய இடமில்லாம அழுத்தம் ஏறும். எழுதி வச்சுக்கங்க."

அண்ணன் எழுதிக்கொண்டார். முன்கட்டில் துப்பாக்கியின் விலைக்கு வெகுநேரம் பேரம் பேசினார். பாய் சொன்ன கூலிக்கு மறுபேச்சு பேசாமல் முன்பணம் எடுத்து வைத்தார்.