சாக்ஸில் ஒரு பெயர்

ஜூன் மாதத்து வெயில். செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸை எதிர்பார்த்து ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பத்து வயது மதிக்கத்தக்க மகள், அப்பாவின் தோளில் தூங்கும் தம்பி. காலடியில் புது டிரங்குப் பெட்டி.

"எங்கிட்டுத் தம்பி போறீக?" என்கிறார் பூக்கட்டும் பாட்டி.

"டோனாவூர் பாட்டி. மகளை விடுதியில சேக்கப் போறோம். நாங்க ஜார்க்கண்டுல, ராஜ்மகால் மலையில மிஷனரியா இருக்கோம்."

"பொட்டப் புள்ளைய விட்டுட்டு எப்படி இருப்பீக?"

அவர் பதில் சொல்லவில்லை. அம்மா பெட்டியைத் திறக்கிறாள். துண்டு, தலையணை உறை, பாவாடை என ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு நூலில் மகளின் பெயர். ஒரு சாக்ஸில் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து அங்கேயே தைக்கத் தொடங்குகிறாள். மகள் ஊசி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தம்பி விழித்து வேறொரு பாஷையில் ஏதோ கேட்கிறான். அம்மா அதே பாஷையில் பதில் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறாள்.

"மால்தோ பாஷை பாட்டி. நம்ம தமிழுக்குச் சொந்தம்தான்" என்கிறார் அப்பா.

மேற்கே கொடைக்கானல் மலை. காய்ச்சலுக்கும் கோடைக்கும் பயந்து அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் 1845இல் அங்கே வீடு கட்டின. படிப்புக்காகப் பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டு வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த பெற்றோர் அவர்களில் உண்டு. அந்தப் பிரிவைத் தவிர்க்கத்தான் 1901இல் கொடைக்கானலிலேயே பள்ளி திறந்தார்கள். இன்று தமிழ்நாட்டிலிருந்து வடக்கே போகும் குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவின் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ராஜ்மகால் எங்கே, டோனாவூர் எங்கே! ஊழியத்துக்கு அழைப்பு வந்தது அப்பாவுக்கும் அம்மாவுக்கும். அதில் பெரும் பாரத்தைச் சுமக்கிறவள் இந்தச் சிறுமி.

பஸ் வந்துவிட்டது. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். அப்பா மகளின் தலையில் கைவைத்துக் கண்மூடுகிறார். "பெட்டிய மேல போடுங்க, சீக்கிரம்" என்று கண்டக்டர் அவசரப்படுத்துகிறார்.

மாதாமாதம் மிஷனரிகளுக்குக் காணிக்கை அனுப்பும் சபையாரே, அவர்களுடைய பிள்ளைகள் தங்கியிருக்கும் விடுதிக்கும் ஒரு கடிதம் போடுங்கள். பிள்ளையின் பெயருக்கே போடுங்கள்.