கிளாடியஸின் கடற்போரும் தம்பலகாமத்துக் கொம்பும்

திருக்கோணமலை உவர்மலையின் மேல் நின்று மாலை வேளையில் உட்துறைமுகத்தை நோக்கியவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். சுற்றிலும் பசுங் குன்றுகள். நடுவே அலையடங்கிய ஆழ்ந்த நீர்ப்பரப்பு. இயற்கை அமைத்த அரங்கம் என்றே சொல்லத் தோன்றும். எனக்கோ அவ்விடத்தில் வேறொரு நினைவும் எழுவதுண்டு. உயர்தர வகுப்பு மாணவர்க்குக் கிரேக்க உரோம நாகரிகம் கற்பிக்கும் தொழிலால் வந்த வினை அது.

கி. பி. 52-ஆம் ஆண்டில் உரோமச் சக்கரவர்த்தி கிளாடியஸ், இத்தாலியிலுள்ள பூசினஸ் ஏரியில் ஒரு கடற்போரை வேடிக்கையாக நடத்துவித்தான். வேடிக்கை பார்ப்பவர்க்குத்தான், கப்பலில் இருந்தவர்க்கு அது மெய்யான போர். 19,000 பேர் ஆயுதந் தாங்கிக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என்றும், கரைகளிலும் குன்றுச் சரிவுகளிலும் சனங்கள் நாடகசாலையில் இருப்பதுபோல் நிறைந்திருந்தனர் என்றும் தாசிற்றஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதியுள்ளார். போருக்கு முன் அவ்வீரர்கள் அரசனை வணங்கியபோது அவன் ஏதோ நகையாக விடை சொன்னான். தங்களை மன்னித்துவிட்டான் என்று அதற்குப் பொருள் கொண்டு அவர்கள் போர் செய்ய மறுத்துவிட்டனர். சக்கரவர்த்தி ஆசனத்தைவிட்டு எழுந்து, தள்ளாடும் நடையோடு ஏரிக்கரையில் ஓடி, அதட்டியும் நயந்தும் அவர்களைப் போருக்கு அனுப்பினானாம். இதைப் படிப்பிக்கும்போது மாணவர் சிரிப்பர். நானும் சிரித்ததுண்டு.

இதே கிளாடியஸின் அவைக்குத்தான் நமது இலங்கையிலிருந்து நான்கு தூதர் சென்றனர் என்று பிளினி கூறுகின்றார். விழாக்காலங்களில் தம் நாட்டு மக்கள் புலியையும் யானையையும் வேட்டையாடுவதில் பெரிதும் மகிழ்வர் என்று அவர்கள் சொன்னதாகவும் அவர் குறித்துள்ளார். இலங்கைக் காடுகளில் புலி இல்லை, சிறுத்தையே உண்டு. தூதர் மிகைப்படுத்தினரோ, கேட்டவர் பிழையாகக் கேட்டனரோ!

திருக்கோணமலைக் கடலும் போர்களைக் கண்டதே. 1782 செப்டெம்பர் 3-ஆம் திகதி சுவ்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் இக்கரைக்கு அப்பால் மோதின. 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி சப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அன்று குன்றேறி வேடிக்கை பார்த்தவர் எவருமில்லை. என் அம்மம்மாவின் குடும்பத்தார் அகப்பட்டதை மூட்டை கட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்கு ஓடினர். அங்கேயே அவர் வாழ்க்கைப்பட்டார்.

சென்ற தவணையில் உரோமரின் களியாட்டங்களைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். தேரோட்டத்தில் வெண்மை, செம்மை, நீலம், பச்சை என நான்கு கட்சிகள். பிற்காலத்தில் நீலமும் பச்சையுமே மேலோங்கின. தலைநகரமான கொன்ஸ்தாந்திநோபிளில் இவ்விரு கட்சிகளையும் சார்ந்த கூட்டம் கி. பி. 532-இல் கலகம் செய்ய, அதனை அடக்கப் புகுந்த படையினர் ஏறத்தாழ 30,000 பேரை ஓட்டப்பந்தய அரங்கிலேயே கொன்று குவித்தனர். இவ்வளவில் தம்பலகாமத்து மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், எங்கட ஊரில கொம்பு முறிக்கிறதுக்கும் ரெண்டு கட்சி இருந்ததாம். அதுவும் இப்பிடித்தானோ?" என்று கேட்டான்.

விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் தாய்வழிப் பாட்டனாரின் ஊரைப்பற்றிய கேள்விக்கு விடை தெரியாமல், இத்தாலியில் உள்ள ஏரியைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்த வெட்கம் என்னை விடவில்லை. அடுத்த சனிக்கிழமையே புறப்பட்டேன்.

கண்டி வீதியில் பேருந்து செல்லும்போது சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் நினைவுக்கு வரும். அவற்றைக் கடந்தால் தம்பலகாமக் குடாவின் நீர் மின்னும். அப்பால் வயல்வெளிதான். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் மண். வழியில் பாலம்போட்டாறு. அங்குள்ள பத்தினி அம்மன் கோயிலின் பொங்கல் பெயர்பெற்றது. நாம் கண்ணகை என்பவளைச் சிங்கள மக்களும் பத்தினித் தெய்யோ என்று தொழுகின்றனர். கஜபாகு மன்னன் இவ்வழிபாட்டை இங்குக் கொணர்ந்தான் என்பது மரபு. அது கி. பி. இரண்டாம் நூற்றாண்டு. அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் திராயன் சக்கரவர்த்தி உரோமாபுரியில் 123 நாள் விழா எடுத்து, 11,000 விலங்குகளைக் கொல்வித்தான்.

அம்மாணவனின் பூட்டனார் தொண்ணூறு வயதைக் கடந்தவர். திண்ணையில் இருந்தபடியே, கையிரண்டையும் வளைத்து ஒன்றில் ஒன்றை மாட்டிக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கினார். கோவலனும் கண்ணகையும் செண்பகப் பூக் கொய்யப் போனார்கள். இருவர் கொக்கத்தடிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அதிலிருந்து பிறந்ததாம் விளையாட்டு. ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகை பக்கம். வைரம் பாய்ந்த மரத்தில் வளைந்த கொம்பாகத் தேர்ந்தெடுப்பர். இரு கொம்புகளையும் கொளுவிப் பிணைத்து, வடம் பிடித்து இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்ற கொம்பு அலங்காரத்தோடு ஊர்வலம் வரும். தோற்ற சேரியார் வசைப்பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மழை பொய்த்தாலும், அம்மை நோய் பரவினாலும் கொம்பு கட்டுவார்கள். முடிவில் அம்மனுக்குக் குளிர்த்தி. சிங்களக் கிராமங்களில் இதுவே அங்கெலிய என்று வழங்குகின்றது. அங்கும் இரண்டு கட்சி, அங்கும் அதே பூக் கொய்த கதை.

"என்ர அப்பு வடசேரி, ஆச்சி தென்சேரி," என்றார் முதியவர். "கொம்பு கட்டினா ஆச்சி கோவிச்சுக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போயிடுவா. குளிர்த்தி முடியத்தான் திரும்பி வருவா. வந்தாலும் ரெண்டு நாளைக்குப் பேச்சில்லை."

"சண்டை வராதா?" என்று கேட்டேன்.

"வராமல்? மண்டையும் உடைஞ்சிருக்கு. ஆனால் தம்பி, குளிர்த்திக்குத் தண்ணி அள்ள ரெண்டு சேரியும் வரவேணும். ஒரு சேரி வராட்டி அம்மன் குளிரமாட்டா."

இவ்விடத்தில் நான் என் பாடப்புத்தகத்தை நினைத்துக்கொண்டேன். அரங்கிலே சாகிறவன் ஒருவன், சோறுண்டு அமர்ந்து பார்க்கிறவன் ஒருவன், செலவு செய்து கைதட்டல் வாங்குகிறவன் மற்றொருவன். உரோமர் விளையாட்டில் இம்மூவரும் வேறு வேறானவர். முதியவர் சொன்ன கதையிலோ பார்த்திருந்தவர் என்று ஒருவரும் அகப்படவில்லை. "பார்க்க வந்தவர்கள் எங்கே இருப்பார்கள்?" என்று கேட்டதற்கு அவர் கேள்வியே விளங்காதவர்போல் என்னை நோக்கினார். தோற்றவனை அங்கே கொன்றார்கள், இங்கே வைதார்கள் என்பது மட்டும் வேற்றுமையன்று. இங்கே வைதவனுக்கும் வையப்பட்டவனுக்கும் மழை ஒன்றாகவே தேவைப்பட்டது.

முதியவர் இதனைச் சிறுவனாகக் கண்டவர். பின்னர் இடப்பெயர்வுகள் வந்தன. கொம்பு நாட்டிய வெளியை அவர் காட்டினார். அதில் இரண்டு கட்டாக்காலி மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மாணவனும் நண்பர்களும் வருகிற வைகாசியில் ஒருமுறை கொம்பு கட்டிப் பார்க்க எண்ணியிருக்கிறார்கள். எந்த மரம், எவ்வளவு வளைவு என்று பூட்டனாரைக் கேட்டுக் கொப்பியில் வரைந்து வைத்திருக்கிறான். வகுப்பில் அவன் இத்தனை சிரத்தையாக எழுதியதை நான் கண்டதில்லை.

விடைபெறும்போது, நானும் வரலாமா என்று கேட்டேன்.

"நீங்கள் எந்தச் சேரி?"

என் அம்மப்பா இவ்வூரவர் என்றேன், வீட்டையும் குறிப்பிட்டேன். முதியவர் தலையசைத்தார். சேரி தாய்வழி வராது, தகப்பன் வழிதான் வரும் என்றார். தகப்பனார் எவ்வூர் என்று கேட்டார்.

"யாழ்ப்பாணம்."

அவர் சற்று நேரம் யோசித்தார். என்மீது இரக்கப்படுகிறார் என்பது முகத்திலே தெரிந்தது. "அப்ப தம்பிக்குச் சேரி இல்லை," என்றார். பின்னர் பூட்டனை அழைத்து, "வடம் பிடிக்க ஆள் காணாட்டி மாஸ்டரையும் எங்கட பக்கம் கூப்பிடு, என்ன?" என்றார்.