காது சொன்ன பொய்

ஷில்லாங்கில் மழைக்காலத்தில் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்வதென்றால் முதலில் கூரையிடம் அனுமதி வாங்க வேண்டும். தகரத்தின் மேல் மழை இறங்கிவிட்டால் எந்த மைக்கும் அதை மறைக்காது. அறுபது வயதான அந்த கிதார் கலைஞர் மழை ஓயும் இடைவெளிகளுக்காகக் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல. 1972 முதல் லூ மஜாவ் ஆண்டுதோறும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடிய ஊர் அது. அந்தக் காற்றில் வளர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் மேடைகளில் வாசித்தவருக்குச் சொந்தமாக ஒரு பதிவுகூடக் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான், தான் இயற்றிய எட்டுப் பாடல்களையாவது பதிவு செய்துவிடுவது என்று தீர்மானித்தார்.

மைக் வாங்குவதில் அவருக்குக் குழப்பமே இல்லை. ஷூர் எஸ்எம்57. 1965ல் வந்தது. எலெக்ட்ரிக் கிதார் ஆம்ப்பின் முன்னால் உலகெங்கும் வைக்கப்படுவது. அமெரிக்க அதிபர்களின் மேடைகளிலும் அதைப் பார்க்கலாம். உள்ளே ஒரு சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், ஒரு காந்தம், அவ்வளவுதான். கீழே விழுந்தாலும் பிழைக்கும். ஸ்பீக்கரை ஒட்டி வைத்தாலும் அலறலைத் தாங்கும். 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடுவதால், மிக உயர்ந்த ஒலிகளை இந்த மைக் சரியாகப் பிடிக்காதது ஒரு குறையே அல்ல. மாறாக, 5,000-6,000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவதால் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கிதார் தனித்து ஒலிக்கும்.

எந்த மைக் என்பதைவிட அதை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். ஸ்பீக்கர் கூம்பின் நடுவே உள்ள குமிழுக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாக இருக்கும். விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்த மென்மையாகும். அவர் சரியாக நடுவில் வைத்தார். அங்குதான் தெளிவாக இருப்பதாகத் தோன்றியது. நான்கு பாடல்கள் முடிந்தன.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அரை நிமிடத்தில் கழற்றிவிட்டாள். “அப்பா, காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு.”

அவருக்குக் கோபம் வந்தது. பிறகு மைக் மீது சந்தேகம் வந்தது. நண்பர் ஒருவரிடம் கண்டென்ஸர் மைக் இரவல் வாங்கினார். 48 வோல்ட் மின்சாரம் கேட்ட அது, கிதாரோடு ஓட்டுச் சாரலையும் பக்கத்து வீட்டு நாயையும் சேர்த்துப் பதிவு செய்தது. அடுத்து வந்தது ராயர் ஆர்-121. 1998ல் அறிமுகமான ரிப்பன் மைக். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அலுமினியத் தகடுதான் அதன் உயிர். பலமாக ஊதினால்கூட ஆபத்து. வாசித்துக் கேட்டார். போர்வை போர்த்திய மாதிரி இருந்தது அவருக்கு. மகள் சொன்னாள்: “இதுதாம்பா நீங்க வாசிக்கிறது. சின்ன வயசுலேர்ந்து நான் கேட்டது இதுதான்.”

இருவரில் ஒருவர் காது பொய் சொல்கிறது. யாருடையது?

செவித்திறன் பரிசோதனையின் வரைபடம் பதில் சொன்னது. 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம். பல ஆண்டு பேரொலி முதலில் பறிக்கும் பகுதி பெரும்பாலும் அதுதான். உட்செவியின் நுண்மயிர் செல்கள் அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. அவர் காது எங்கே இறங்கியதோ, ஏறக்குறைய அங்கேதான் எஸ்எம்57 ஏறுகிறது. குமிழுக்கு நேரே வைத்த மைக் அவருடைய பள்ளத்தை நிரப்பியது. மற்றவர்களுக்கு அது மேடாகிக் குத்தியது.

ஒரு வாரம் அவர் கிதாரைத் தொடவில்லை. வாசிக்கும் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீர்ப்பு சொல்லும் உரிமைதான் போயிருந்தது. ஒரு கலைஞனுக்கு இரண்டில் எது பெரிய இழப்பு என்று சொல்வது கடினம்.

வழி காட்டியது மகள்தான். அடுத்த அறையில் அவள் ஹெட்ஃபோனுடன் உட்கார்ந்தாள். அவர் ஒரே நான்கு வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார். உறவுக்காரப் பையன் ஒருவன் மைக்கை விரல் விரலாக நகர்த்தினான். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் மட்டும். எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகே கேட்டார்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். எது எந்த மைக் என்று தெரியாமலே மகள் தேர்ந்தெடுத்த எண், ரிப்பன் அல்ல. நடுவிலிருந்து மூன்று விரல் தள்ளி, சற்றே சாய்த்து வைத்த அதே எஸ்எம்57.

இரவல் மைக்குகள் திரும்பிப் போயின. ஸ்பீக்கர் துணியில் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டப்பட்டது. பழைய நான்கும் புதிய நான்குமாக எட்டுப் பாடல்களும், மகள் ஊர் திரும்பும் முன்பே, மழை விட்ட நேரங்களில் பதிவாயின. இப்போது அவரிடம் கிதார் கற்க வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடம் தொடங்கும் முன் காது அடைப்பான்கள் தரப்படுகின்றன.

அந்தப் பாடல்கள் அவருக்கு இன்றும் கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்கின்றன. அந்த டேப் துண்டை அவர் நகர்த்தவே இல்லை.