டொரன்ட் கிளையன்டின் பூர்வீகம்

டெபியன் லினக்ஸின் டிவிடி இமேஜை இறக்க வேண்டியிருந்தது. சில ஜிபி கோப்பு. டெபியன் அதை டொரன்டாகவும், அதாவது பயனர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் முறையிலும், தருகிறது. அப்படி இறக்கும் நிரலாக எந்தக் கிளையன்டைப் போடலாம் என்று விசாரித்தபோது ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எல்லோரும் சொன்ன ஒரே காரணம் வேகம். எனக்கு அது போதவில்லை. வீட்டுக் கணினியில் மணிக்கணக்காக ஓடி, முன்பின் தெரியாதவர்களின் கணினிகளோடு பேசப்போகிற நிரல் இது. ஆளை விசாரிக்காமல் யாராவது வீட்டை வாடகைக்கு விடுவார்களா?

வேரிலிருந்து தொடங்கினேன். 1999-இல் வந்த நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுச் சேவையில் எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. வழக்கு வந்தது, 2001 ஜூலையில் சேவை நின்றுபோனது. அதே மாதம்தான் பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர், பைத்தானில் எழுதிய பிட்டொரன்டை வெளியிட்டார்.

அவர் செய்ததைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை. கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஹேஷ் என்ற சரிபார்ப்புக் குறி ஒன்று உண்டு. ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்தத் துண்டு தள்ளப்படும். ஆகவே அனுப்புகிறவரை நம்ப வேண்டிய தேவையே இல்லை. குறைந்த பேரிடம் இருக்கும் துண்டைத்தான் கிளையன்ட் முதலில் தேடி வாங்கும். அரிய துண்டு இப்படித்தான் அழியாமல் பரவுகிறது. இறக்கிக்கொண்டிருக்கும்போதே தனக்குத் தருகிறவர்களுக்குக் கிளையன்ட் முன்னுரிமை கொடுத்து அனுப்பும். ஒரு பிரபலமான கோப்பைப் பலர் ஒரே நேரத்தில் கேட்டால் சாதாரண சர்வர் திணறும். இங்கே கேட்கிறவர்களே கொடுக்கிறவர்களும் ஆகிவிடுகிறார்கள்.

நெறிமுறை வெளிப்படையாக இருந்ததால் யார் வேண்டுமானாலும் கிளையன்ட் எழுதலாம். ஸ்வீடனின் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் 2005-இல் மியூடொரன்ட் என்ற கிளையன்டை வெளியிட்டார். பழைய கணினியிலும் ஓடும் அளவுக்குச் சின்ன, அழகான வேலை. 2006-இல் கோஹனின் பிட்டொரன்ட் நிறுவனம் அதை வாங்கியது. பிறகு விளம்பரங்கள் வந்தன. 2015-இல், கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒன்று கூடவே நிறுவப்படுவதாகப் பயனர்கள் கொதித்தார்கள். 2018-இல் டிரான் என்ற கிரிப்டோ அமைப்பு அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. எழுதியவர் கையை விட்டுப் போன நிரல் யாருக்காக உழைக்கிறது என்பதை இந்த வரலாறே சொல்லிவிடுகிறது. வேகத்தைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

கியூபிட்டொரன்ட் என்ற கிளையன்டின் கதை வேறு. 2006-இல் பிரான்ஸில் கிறிஸ்டோஃப் டுமே தொடங்கினார். இன்று தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். டொரன்ட் வேலையைச் செய்யும் உள்பகுதி, ஆர்விட் நோர்பெர்க் எழுதிய லிப்டொரன்ட். இரண்டுமே ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் இல்லை. என் முடிவு இதில்தான் உறுதியானது.

ஆனால் ஓப்பன் சோர்ஸ் என்பதால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற நல்ல கிளையன்டின் சொந்தத் தளத்திலேயே யாரோ புகுந்து, மேக் பதிப்பில் கீரேஞ்சர் என்ற ரான்சம்வேரை, அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலை, ஏற்றிவிட்டார்கள். அதனால் கியூபிட்டொரன்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்த்த பிறகே நிறுவினேன். வீட்டில் மற்றவர்களின் இணையம் திணறாதபடி அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைத்தேன், முழுக்க அடைக்கவில்லை. டெபியன் இறங்கிய பிறகும் அதை மற்றவர்களுக்கு அனுப்பும்படி சீட் செய்யவிட்டிருக்கிறேன்.