செடிக்குள்ளே ஒரு ஆள்

1960-ல் ராஜர் கார்மன் ஒரு படம் எடுத்தார். வேறொரு படத்துக்குப் போட்ட செட் பிரிக்காமல் கிடந்தது. அதை வீணாக்குவானேன் என்று இரண்டு பகல், ஒரு இரவில் பெரும்பகுதியைச் சுட்டு முடித்துவிட்டார். 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்'. ரத்தம் குடிக்கும் செடி, அதை வளர்க்கும் அப்பாவிப் பூக்கடைப் பையன். அவ்வளவுதான் கதை. (சின்ன வேஷத்தில் ஜாக் நிக்கல்சன் உண்டு. பல் பிடுங்கிக்கொள்வதில் சுகம் காணும் நோயாளி!)

இந்தச் சிக்கனப் படத்தை 1982-ல் நியூயார்க்கில் இசை நாடகமாக்கினார்கள். எழுத்தும் பாட்டும் ஹோவர்ட் ஆஷ்மன், இசை ஆலன் மென்கன். மேடையில் செடி வேற்றுலகத்திலிருந்து வந்ததாக மாறிவிட்டது. ஆர்ஃபியம் தியேட்டரில் 350 பேர்கூட உட்கார முடியாது. ஐந்து வருஷம் ஓடியது. பிராட்வேக்குப் போகலாமே என்று பேச்சு வந்தபோதும் ஆஷ்மன் அசையவில்லை.

இதைப் பார்க்க உட்காருகிறவர் கண் முழுக்க அந்தச் செடி மேல்தான் இருக்கும். கம்ப்யூட்டர் வித்தை ஏதும் இல்லை. முதலில் தொட்டிக்குள் அடங்கும் குட்டிப் பொம்மை. அடுத்தது கொஞ்சம் பெரியது. நாயகன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பான். ஏந்துவதாகத் தெரிகிற கைகளில் ஒன்று பொய்க்கை! நிஜக் கை செடிக்குள் இருந்து வாயை அசைக்கிறது. கடைசியில் வருவது ஆளையே விழுங்கும் ராட்சதச் செடி. அதற்குள் ஒரு மனுஷன் வியர்த்துக்கொண்டு தாடையைத் தூக்கித் தூக்கி இறக்கவேண்டும். குரலோ மறைவில் நிற்கும் வேறொருவருடையது. இரண்டு பேருக்கும் அரை நொடி பிசகினால் செடி செத்தது. முதல் தயாரிப்பில் பொம்மைகளைச் செய்தவரும், உள்ளே இருந்து ஆட்டியவரும் மார்ட்டின் ராபின்சன். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இந்த வியர்வைக்கு எந்தத் தலைப்பில் பற்று எழுதுவதோ தெரியவில்லை.

முடிவில் செடிதான் ஜெயிக்கிறது. காதலி போகிறாள், அவனும் போகிறான். ஆர்ஃபியமில் கூரையிலிருந்து கொடிகள் பார்வையாளர் தலைமேலேயே விழுந்தன. அலறலும் சிரிப்பும் சேர்ந்து வரும். சனம் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனது.

1986-ல் ஃபிராங்க் ஆஸ் இதை மறுபடி படமாக்கினார். இந்த முறை கோடிக்கணக்கில் பணம். அதே சோக முடிவை, நகரத்தையே செடிகள் நொறுக்குவதாகப் பிரமாண்டமாக எடுத்தார்கள். முன்னோட்டக் காட்சியில் ஜனங்களுக்குப் பிடிக்கவே இல்லை. வெட்டி எறிந்துவிட்டு, ஜோடி பிழைப்பதாக மாற்றினார்கள். பழைய முடிவு முழுசாக வெளிவர 2012 ஆயிற்று.

ஏன் இப்படி? ஃபிராங்க் ஆஸே பிற்பாடு காரணம் சொன்னார். மேடையில் செத்தவர்கள் கடைசியில் எழுந்து வந்து வணக்கம் வைக்கிறார்கள். படத்தில் செத்தால் செத்ததுதான். எத்தனை கோடி கொட்டினாலும் இதை வாங்க முடியாது பாருங்கள். செடி விழுங்கிய அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வருகிறாள். பல இடங்களில், செடிக்குள் இருந்தவரும் அவள் பின்னாலேயே நனைந்த சட்டையோடு வருவார். கைதட்டல் அப்போதுதான் உச்சத்துக்குப் போகும்.